வீட்டுச் சேமிப்பகத்தில் கோப்புகள் சிதைந்தால்...

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. பொது ஆண்டு 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் அவற்றைப் படிக்க முடிகிறது. எங்கேனும் ஓர் எழுத்துத் தேய்ந்திருந்தால், அந்தத் தேய்வு கண்ணுக்குத் தெரிகிறது. படிப்பவர் அவ்விடத்தில் புள்ளியிட்டுக் காட்டிவிட்டு மேலே செல்கிறார்.

அக்கோயிலுக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள வீடுகளில் இன்று வேறு வகை ஆவணங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. திருமணப் படங்கள், பட்டா நகல்கள், பட்டுச் சேலைக்குக் கணினியில் வரைந்த வடிவங்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குத் தாய் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் எனப் பலவும் ஒரு சிறு பெட்டிக்குள் குடியிருக்கின்றன. வீட்டு ரவுட்டருடன் இணைந்து, ஒன்றோ இரண்டோ நான்கோ வன்தட்டுகளைக் கொண்டு, வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் பொதுவாக இயங்கும் பெட்டி அது. கடைக்காரர்கள் அதனை 'நாஸ்' என்பார்கள். பெட்டி வாங்காதவர்கள் ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் வெளிப்புற வன்தட்டு ஒன்றைச் செருகி அதே வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

கோப்பில் நேரும் சிதைவு கல்லில் நேரும் தேய்வைப் போன்றதன்று. கோப்பின் பெயர் அப்படியே இருக்கும். அளவும் தேதியும் மாறாமல் இருக்கும். என்றோ ஒருநாள் திறக்கும்போதுதான் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகக் கிடப்பதைக் காண்போம். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன், 2007-இல் தன் சேமிப்பகத்திலிருந்த 33,700 கோப்புகளை, அவை எழுதப்பட்டபோது குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. 22 கோப்புகள் பொருந்தவில்லை. ஏறத்தாழ 1,500 கோப்புகளுக்கு ஒன்று என்னும் கணக்கு இது. வல்லுநர்கள் இரவுபகலாகக் கண்காணிக்கும் இடத்திலேயே இந்நிலை என்றால், சமையலறைக்கு அடுத்த அலமாரியில் வெப்பத்திலும் தூசியிலும் இயங்கும் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உத்தரமேரூர் வட்டாரத்தில் அக்கம்பக்கத்தாரின் கணினிப் பழுதுகளைப் பார்த்துத் தருபவன் என்னும் முறையில் நான் கண்டது ஒன்றுண்டு. பழுதினால் போன கோப்புகளைவிட, பழுதைக் கண்ட பதற்றத்தில் செய்த வேலைகளால் போன கோப்புகளே மிகுதி. எனவே, எதனை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் எழுதுவதை நிறுத்துக

சிதைந்த கோப்பு ஒன்று கண்ணில் பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பெட்டியில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுப்பதுதான். கைப்பேசிப் படங்கள் தாமாகவே பதிவேறுவதை நிறுத்த வேண்டும். கண்காணிப்புக் கேமராவின் பதிவு அதே பெட்டிக்குச் செல்லுமானால் அதனையும் நிறுத்த வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அன்றாடக் காப்பு நகல் எடுக்கும் பணியை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் இன்றிரவு எடுக்கப்படும் நகலில், சிதைந்த கோப்பு நேற்றைய நல்ல கோப்பின் மீது படிந்துவிடும். காப்பு நகல் வைத்திருந்தும் கோப்பை இழந்த பலருக்கு நேர்ந்தது இதுதான்.

அடுத்து, திரையில் தோன்றும் எந்தப் 'பழுது நீக்கு' பொத்தானையும் உடனே அழுத்தக் கூடாது. கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவிகள், முறைமையின் ஒழுங்கை மீட்பதற்காக ஆக்கப்பட்டவை. நம் படத்தை மீட்பதற்காக அல்ல. ஒழுங்குக்குப் பொருந்தாதவற்றை அவை வெட்டியெறியவும் கூடும். தட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறியும் முன் அவற்றை இயக்குவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இன்னுமோர் எச்சரிக்கை. பெட்டியிலிருந்து வன்தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால், 'இத்தட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கணினி கேட்கும். தட்டு கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இத்தகைய பெட்டிகளுள் பெரும்பாலானவை லினக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அக்கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே விடை.

சிதைவா, மயக்கமா?

அடுத்து, கோப்பு உண்மையிலேயே சிதைந்ததா என்று பார்க்க வேண்டும். தமிழில் கோப்புகளை வைத்திருப்போருக்கு இக்கேள்வி இன்றியமையாதது. சிதைந்தது என்று என்னிடம் வந்த தமிழ் ஆவணங்களுள் கணிசமானவை சிதையாதவை.

ஒருங்குறி பரவும் முன், ஒவ்வோர் அச்சகமும் அலுவலகமும் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களைப் பயன்படுத்தின. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டையொட்டி டேம், டேப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010-இல்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சான கடிதத்தையோ கோயில் குடமுழுக்கு அழைப்பிதழையோ இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தோன்றும். உரிய பழைய எழுத்துருவை நிறுவினாலோ குறியேற்ற மாற்றி ஒன்றைப் பயன்படுத்தினாலோ எழுத்துகள் மீண்டு வந்துவிடும். அதற்குள் 'கெட்டுப்போனது' என்று அழித்துவிட்டவர்களை நான் அறிவேன்.

கோப்பின் பெயரிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஒருங்குறியில் 'கோ' என்பதை இரு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. மேக் கணினியிலிருந்து சில வழிகளில் நகலெடுக்கும்போது இரண்டாம் விதப் பெயர்கள் பெட்டிக்குள் சென்றுவிடுகின்றன. அப்போது 'கோயில்' என்னும் பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றும். தேடினால் ஒன்று அகப்படாது. திறக்க முயன்றால் கோப்பு இல்லை என்று செய்தி வரும். பெயரை மாற்றி எழுதினால் தீரும் சிக்கல் இது.

பெயரின் நீளமும் ஒரு காரணம். பெட்டிகளில் பரவலாக உள்ள கோப்பு முறைமைகள் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளை மட்டுமே அனுமதிக்கின்றன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. 'உத்தரமேரூர்' என்னும் பெயர் மட்டுமே 33 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். மறையாக்கம் செய்யப்பட்ட கோப்புறைகளில், சில பெட்டிகளில் இவ்வரம்பு 143 பைட்டுகளாகக் குறைந்துவிடுகிறது. அதாவது 47 தமிழ்க் குறியீடுகள். விழாவின் பெயரும் தெருவும் நாளும் சேர்த்து நீளமாகப் பெயரிட்ட கோப்புகள், நகலெடுக்கும்போது வழியிலேயே விடுபட்டுப்போவது இதனால்தான்.

அறிகுறி சொல்லும் செய்தி

மயக்கம் இல்லை, சிதைவுதான் என்று உறுதியானபின், அறிகுறியைக் கொண்டு காரணத்தை நெருங்கலாம்.

கோப்பின் அளவு சுழியம் என்று காட்டினால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரமோ இணைப்போ அறுந்திருக்கக்கூடும். காணொளியின் அளவு பெரிதாக இருந்தும் ஓடவில்லை என்றால், பதிவு முறைப்படி முடியாமல் அதன் உள்ளட்டவணை எழுதப்படாமல் நின்றிருக்கலாம். இவ்வகைக் காணொளிகளுள் பல, மீட்பு மென்பொருளால் திரும்பக் கிடைக்கின்றன. அளவு சரியாக இருந்து உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால் தட்டு, நினைவகம் ஆகியவற்றின் மீது ஐயம் கொள்ள வேண்டும். எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னும் அறியாத ஒரு வால் ஒட்டியிருந்தால், அது ஊடுருவல். அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

பின்னர் எல்லை வரைய வேண்டும். சிதைந்த கோப்புகள் ஒரே கோப்புறையில் உள்ளனவா? ஒரே கைப்பேசியிலிருந்து வந்தவையா? ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிற்பட்டவையா? நாள் எல்லை ஒன்று தென்பட்டால், அந்நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று நினைவுகூர வேண்டும். இடி இறங்கியதா, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா, பெட்டியில் ஏதேனும் புதிதாகப் பொருத்தப்பட்டதா என்னும் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடும்.

தட்டா, பாதையா?

இப்போது வன்தட்டின் உடல்நிலையைப் பார்க்கலாம். எல்லா வன்தட்டுகளும் 'ஸ்மார்ட்' என்னும் தற்கணிப்புப் பட்டியலை வைத்திருக்கின்றன. பெட்டியின் மேலாண்மைப் பக்கத்தில் அதனைக் காணலாம். வழக்கமான வன்தட்டுகளில் நான்கு எண்களைக் கவனித்தால் போதும். 5 என்னும் வரிசை, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளைக் குறிக்கும். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198, திருத்தவே முடியாதவை. இம்மூன்றும் சுழியமாக இருப்பது நல்லது. ஒன்று வளர்ந்துகொண்டே போனால் அத்தட்டின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று பொருள். 199 மட்டும் வேறு. அது தட்டுக்கும் பலகைக்கும் இடையிலான தொடர்பில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. அது மட்டும் கூடினால் தட்டைக் குறை கூறாமல், கேபிளையும் செருகுமிடத்தையும் பார்க்க வேண்டும்.

தட்டு இறந்துகொண்டிருப்பது தெரிந்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம். நேரே மீட்புக்குச் செல்ல வேண்டும். தட்டு நலமாக இருந்தால் அடுத்த சோதனை, கோப்பின் கைரேகையை எடுப்பது. 'ஷா-256' என்னும் கணக்கு முறை, எந்தக் கோப்பையும் 64 இலக்கம் கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸின் பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்', லினக்ஸில் 'ஷா256சம்' என்னும் கட்டளைகள் இதற்கென்றே உள்ளன.

சிதைந்த கோப்பு ஒன்றின் கைரேகையை மூன்று முறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையே பெட்டியையும் கணினியையும் முறைப்படி அணைத்து இயக்குவது அவசியம். இல்லையேல் நினைவகத்தில் தங்கியிருக்கும் பழைய நகலையே கணினி மீண்டும் காட்டக்கூடும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால், கோப்பு தட்டிலேயே தவறாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் வெவ்வேறாக வந்தால், தட்டில் உள்ளது நல்ல கோப்பாகவே இருக்கக்கூடும். படித்துக் கொண்டுவரும் பாதையில்தான் கோளாறு.

திருமணப் படங்கள் எடுக்கும் நண்பர் ஒருவரின் பெட்டியில் இச்சோதனை செய்தேன். ஒன்றுக்கொன்று கண்ணாடியாக இயங்கும் இரண்டு தட்டுகள். இரண்டின் பட்டியலிலும் குறை இல்லை. ஆனால், நூற்றுக்கணக்கான படங்கள் பாதி சாம்பலாகத் தெரிந்தன. அவர் புதுத் தட்டுகள் வாங்கி, பழையவற்றை அழித்துவிடும் முடிவில் இருந்தார். ஒரே படத்தின் கைரேகை மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது. லேன் கேபிளை மாற்றியும், வேறு கணினியில் பார்த்தும் நிலை மாறவில்லை. லேன் கேபிள் கெட்டால் வேகம் குறையும், இணைப்பு அறும். ஓசையின்றிக் கோப்பை மாற்றுவது அரிது. எஞ்சியது பெட்டியின் நினைவகம்தான். நான்கு மாதங்களுக்கு முன்பு வேகத்துக்காகக் கூடுதலாகப் பொருத்திய நினைவகத் தகட்டைக் கழற்றினோம். அதன்பின் எத்தனை முறை எடுத்தாலும் ஒரே எண் வந்தது.

அந்த நான்கு மாதங்களுக்கு முற்பட்ட படங்கள் அனைத்தும் பழுதின்றி மீண்டன. அவை ஒருபோதும் சிதைந்திருக்கவில்லை. பிற்பட்டவற்றுள் சில, எழுதப்பட்டபோதே தவறாக எழுதப்பட்டுவிட்டன. அவற்றுட் பெரும்பகுதியை, அவர் திருமண வீட்டாருக்குப் பென்டிரைவில் கொடுத்திருந்த நகல்களிலிருந்து ஊர் ஊராகச் சென்று திரும்பப் பெற்றோம். ஒரு வீட்டில் பென்டிரைவ் தொலைந்திருந்தது. அத்திருமணத்துக்குப் பின் அவ்வீட்டுப் பாட்டி மறைந்துவிட்டார். மணமக்களை அவர் வாழ்த்தும் படங்கள் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை.

நினைவகத்தைச் சோதிக்கும் வசதி சில பெட்டிகளில் உள்ளமைந்தே வருகிறது. இல்லாதபோது, தகட்டைப் பொருத்தமான வேறொரு கணினியில் செருகி, 'மெம்டெஸ்ட்86' போன்ற மென்பொருளால் ஓரிரவு முழுதும் சோதிக்கலாம். ஒரு பிழை வந்தாலும் அத்தகடு வேண்டாம்.

மின்சாரமும் வெப்பமும்

நம் ஊர்ப்புறங்களில் மின்சாரத்தைப் பேசாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கோப்பு 'எழுதப்பட்டது' என்று திரை காட்டும் கணத்தில், அது இன்னும் நினைவகத்திலேயே இருக்கக்கூடும். சில நொடிகள் கழித்தே தட்டில் ஏறும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால், கோப்பு மட்டுமன்றி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையும் குலையலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. பல இன்வெர்ட்டர்களில் சாதாரண நிலை, யூபிஎஸ் நிலை என இரண்டுக்குமான சிறு விசை ஒன்றுண்டு. சாதாரண நிலையில், மின்வாரிய மின்சாரத்திலிருந்து மின்கலத்துக்கு மாறும் இடைவெளி, மின்விசிறிக்குத் தெரியாது. பெட்டியை அணைத்து இயக்கிவிட அது போதும். எனவே விசையை யூபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். மின்கலம் தீரும் முன் பெட்டிக்குச் செய்தி சொல்லி அதனை முறைப்படி அணையச் செய்வது, யூஎஸ்பி கம்பியால் இணைக்கப்படும் யூபிஎஸ் கருவியால் இயலும். பெட்டிக்குச் செலவிட்டவர்கள் இதற்கும் செலவிடுவது நலம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி, மின்கம்பி வழியாக மட்டுமன்றி இணையக் கம்பி வழியாகவும் இறங்கும். நல்ல நில இணைப்பு இருக்க வேண்டும். இடி தொடங்கும் முன்பே இரண்டையும் கழற்றிவிடுவது அதனினும் பாதுகாப்பு. கோடையில் பெட்டியை மூடிய அலமாரியில் வைக்கக் கூடாது. தட்டின் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இரு தட்டுகள், ஒரே பிரதி

இரண்டு தட்டுகளில் ஒரே கோப்பு எழுதப்படுவதால் காப்பு நகல் தேவையில்லை என்று பலர் கருதுகிறார்கள். 'ரெய்டு' எனப்படும் இவ்வமைப்பு, ஒரு தட்டு இறந்தால் வேலை நிற்காமல் காக்கும். அதற்கு மேல் எதனையும் காக்காது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். சிதைந்து எழுதினால் இரண்டிலும் சிதையும். நண்பரின் பெட்டியில் நேர்ந்தது இதுவே.

தட்டுகள் இரண்டும் வேறுபட்டாலோ இன்னும் சிக்கல். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனைப் பாடபேதம் என்பர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். இரண்டு ஏடுகள் மட்டும் இருந்து அவை முரண்பட்டால், எது சரி என்று புலமையால்தான் முடிவு செய்ய இயலும். வன்தட்டுக்குப் புலமை இல்லை. எந்த நகல் சரி என்று சொல்ல அதற்கு வெளிச்சான்று வேண்டும்.

அச்சான்றைத் தருபவை, ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்தே எழுதும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் முன்னதை 2005-இல் திறமூலமாக வெளியிட்டது. பின்னது 2009-இல் லினக்ஸில் சேர்ந்தது. புதுப் பெட்டி வாங்குவோர் இவற்றுள் ஒன்று உள்ளதா என்று கேட்டு வாங்கலாம். சில பெட்டிகளில் கோப்புறையை உருவாக்கும்போதே இவ்வசதியைத் தெரிவு செய்ய வேண்டும், பின்னர் இயலாது. மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பு நடக்குமாறு நாள் குறித்துவைப்பதும் அவசியம்.

மீட்பின் வரிசை

மீட்பு என்பது இருப்பதைக் குலைக்காமல் செய்ய வேண்டிய வேலை. முதலில் பழைய காப்பு நகலையும், 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் முந்தைய நிலைப் பதிவையும் பார்க்க வேண்டும். அவற்றிலிருந்து எடுக்கும் கோப்பைச் சிதைந்த கோப்பின் மீது எழுதாமல், வேறிடத்தில் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, கோப்பு பிறந்த இடம். படம் எடுத்த கைப்பேசி, கேமராவின் நினைவட்டை, உறவினருக்கு அனுப்பிய செய்தி ஆகியவற்றைத் தேட வேண்டும். வாட்ஸ்ஆப்பில் உள்ளது தரம் குறைந்த நகலாயினும், இல்லாததற்கு மேல். அழிக்கப்பட்ட நினைவட்டையில் புதிதாக எதுவும் எழுதப்படாதிருந்தால், 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள் படங்களை மீட்டுத் தரக்கூடும்.

மூன்றாவதாக, நோயுற்ற தட்டு. அதிலிருந்து கோப்பு கோப்பாக எடுக்க முயலக் கூடாது. 'டிடிரெஸ்கியூ' போன்ற மென்பொருளால், தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு நல்ல தட்டில் படியெடுக்க வேண்டும். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பின்னர்த் திரும்பும். கல்வெட்டறிஞர்கள் கல்லின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்து, அதைக் கொண்டு ஆராய்வதைப் போல, மற்ற முயற்சிகள் அனைத்தையும் அந்தப் படியின் மீதே செய்ய வேண்டும். தட்டு 'டக் டக்' என ஒலித்தால் மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பு ஆய்வகத்திடம் ஒப்படைப்பதே வழி. குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, திறந்து பார்ப்பது போன்ற கைவைத்தியங்கள் எஞ்சிய வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் சிதைவு

2021 ஏப்ரலில் 'க்யூலாக்கர்' என்னும் பணயத் தாக்குதல், க்யூநேப் நிறுவனப் பெட்டிகளிலிருந்த கோப்புகளைக் கடவுச்சொல் இட்ட பொதிகளாக்கிப் பணம் கேட்டது. அதே ஆண்டு ஜூனில், இணையத்தில் இணைக்கப்பட்டிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபுக் லைவ் பெட்டிகள் உலகெங்கும் ஊடுருவப்பட்டு வெறுமையாக்கப்பட்டன. அவ்வகைப் பெட்டிக்கான மென்பொருள் புதுப்பிப்பு 2015-இலேயே நின்றிருந்தது. பெட்டி இயங்குகிறது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

கோப்புகளின் பெயர்கள் மொத்தமாக மாறியிருப்பதைக் கண்டால், முதலில் லேன் கம்பியைப் பிடுங்க வேண்டும். பணம் கேட்கும் குறிப்பை அழிக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் கட்டினால் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டியைத் திறக்கும் வசதிக்காக ரவுட்டரில் திறந்துவைத்த வாயில்களை மூடிவிடுவதும், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து வருவதும் வருமுன் காக்கும் வழிகள்.

படித்துப் பார்க்கும் நாள்

காப்பு நகலுக்கான எளிய விதியை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ வகுத்துத் தந்தார். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில். இவ்விதியை மீறினால் அரசாங்கமும் தப்பாது. தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களிலிருந்து பரவிய தீ, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளை அழித்தது. அவற்றுக்கு வேறிடத்தில் நகல் இல்லை.

சிற்றூர்க் குடும்பத்துக்கு இவ்விதி இயலாத செலவன்று. எல்லாவற்றையும் மும்முறை நகலெடுக்க வேண்டியதில்லை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசுத் தளங்களிலிருந்து மீண்டும் பெறலாம். திரைப்படத்தை மீண்டும் பதிவிறக்கலாம். தந்தையின் குரலையும், குழந்தையின் முதல் நடையையும், அச்சேறாத குறிப்பேட்டின் படங்களையும் எந்த அலுவலகமும் திரும்பத் தராது. அவற்றை மட்டும் பிரித்து, தனியே ஒரு வெளிப்புறத் தட்டில் எழுதி, வேற்றூரில் வாழும் மகளிடமோ தம்பியிடமோ கொடுத்துவைக்கலாம். எழுதும் நாளில் கைரேகைப் பட்டியலையும் உடன் எழுதிவிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அத்தட்டை வரவழைத்துப் படித்துப் பார்ப்பதும் இதே விதியின் பகுதியாக வேண்டும். குடவோலைக் கல்வெட்டு இதற்கு நல்ல முன்மாதிரி. குடத்திலிருந்து எடுத்த ஓலையை ஊர் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அத்துடன் நில்லாமல், அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசித்த பின்பே பெயர் எழுதப்பட வேண்டும் என்கிறது. ஒருவர் படித்தது போதாது என்று நம் முன்னோர் எண்ணியிருக்கிறார்கள். படித்துச் சரிபார்க்காத நகலை நகல் என்று நம்பியிருப்பது அவர்களுக்கு உடன்பாடாக இருந்திராது.

கிளை நூலகங்களும் பள்ளிக் கணினிக் கூடங்களும் ஆண்டில் ஒருநாளை இதற்கென ஒதுக்கலாம். ஊரார் தங்கள் தட்டுகளைக் கொண்டுவந்து, மாணவர்களின் துணையுடன் கைரேகைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் செல்லலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; தேவையான மென்பொருள்கள் இலவசம். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிப்பதுபோல் இதுவும் ஆண்டு வழக்கமாகிவிட்டால், பல வீடுகளின் நினைவுகள் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.